கத்திரி வெயிலில் களப்பணி: ஓய்வு நாளில் என்ன செய்வது?

மே மாதம் மண்டபம், தனுஷ்கோடி, சாயல்குடிப் பக்கம் ஆறு நாள் நிலவியல் களப்பணி, ஏழாம் நாள் ஓய்வு. அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், விட்டுப்போன இடத்தை அரை நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். முந்தின நாள் வெயிலின் களைப்பு மறுநாளும் கூடவே வரும். ஒரு நாள் நிழலில் கிடந்தால் வெயில் பழக்கம் விட்டுப்போகாது. அது உடம்பில் ஏற ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், ஒரே நாளில் இறங்கிவிடாது.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லது. சிறுநீர் கடும் மஞ்சளாகவே போனால் உடம்பு இன்னும் தேறவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கருவிகளை எடுங்கள். காம்பஸ் மூடியின் கீலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். காய்ந்துதானே இருக்கிறது என்று விட்டால், ராத்திரி ஈரத்தை இழுத்துப் பித்தளைத் திருகில் பச்சை ஏற்றிவிடும். கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். இங்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரே உவர். அதில் கழுவினால் மறுபடி உப்புதான். சுத்தியலைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பாறையைச் சோதிக்கும் அமிலப் புட்டி இவற்றோடு ஒரே பையில் வேண்டாம்; ஆவி பட்டாலே இரும்பு துரு ஏறும்.

ஈர மணல் மாதிரிகளைப் பாலித்தீன் பைக்குள் விட்டால் வியர்த்து, லேபிள் மை கரைந்து, எண் போய்விடும். எண் போன மணல் வெறும் மணல். நிழலில், காகிதத்தில் பரப்பி உலர்த்துங்கள். ஒரு சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், எண்ணை வெளியேயும் எழுதுங்கள்.

தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணலுக்கு வயது காணக் குழாயில் அடித்தெடுத்த மாதிரியை மட்டும் திறக்கவே கூடாது. அந்த மணல் கடைசியாக வெளிச்சம் கண்டது எப்போது என்பதுதான் அதில் அளக்கப்படுகிறது; சில நிமிட வெயிலே கணக்கை அழித்துவிடும். மூடி நெகிழ்ந்திருந்தால் கறுப்பு டேப் சுற்றி, நெகிழ்ந்த முனை எது என்று குழாயிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். ஜிபிஎஸ் புள்ளிகளை அதோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டுப் படுங்கள்.