படம் பார்த்துப் பழகவே நேரமில்லாத ரேடியாலஜி மாணவருக்குத் தொழில்நெறி, ஆய்வு முறை வகுப்பெல்லாம் எதற்கு?

இரவு டூட்டி முடித்த அலுப்பில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எம்.டி. முதல் வருடத்தில் நானும் இதையேதான் கேட்டேன்.

இரண்டாம் வருடம் ஒரு மார்பு எக்ஸ்ரே வந்தது. ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம். வலது காரை எலும்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு முடிச்சு. அதைப் பிடித்துவிட்ட பெருமையில் 'சி.டி. எடுத்துப் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வார்டுக்கு போன் செய்யவில்லை.

ஏழு மாதம் கழித்து, சளியில் ரத்தம் வருகிறது என்று அவரே திரும்பி வந்தார். அவருடைய ஃபைலில் என் ரிப்போர்ட் இல்லை. எங்கள் கவுன்டரில், யாரும் வாங்காத ரிப்போர்ட் கட்டுக்குள் கிடந்தது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது.

ரிப்போர்ட்டை வந்து வாங்குவது வார்டின் வேலை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் முடிச்சு இருப்பது அன்றைக்கு எனக்கு மட்டும்தானே தெரியும்?

அப்புறம் ஒரு மாதம், படம் எடுத்த நேரம், கையெழுத்தான நேரம், வார்டு ஆள் வாங்கிப்போன நேரம் மூன்றையும் நீள நோட்டில் குறித்தேன். படித்து எழுத ஆன நேரத்தைவிடத் தட்டில் கிடந்த நேரம்தான் அதிகம். நோட்டைப் பார்த்த சீஃப், அவசர ரிப்போர்ட் என்றால் போனில் சொல்லி, கேட்டவர் பெயரையும் எழுத வேண்டும் என்று அன்றே உத்தரவு போட்டார். சுகாதாரச் சேவை ஆய்வு என்று நான் செய்தது இவ்வளவுதான்.

படம் பார்ப்பது முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு முறை இணைய வகுப்பை, சான்றிதழுக்காக வேகமாக ஓட்டிவிடாமல் கேளுங்கள். படிப்பின் நடுவே மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் போடுவார்களே, அங்கே இப்படி நோட்டில் குறித்துப் பார்க்க நிறைய இருக்கிறது.

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டம் அவசியமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது நாம் நிரப்பும் ஃபார்ம் எஃப்-இல் ஒரு கட்டம் விடுபட்டாலும், நாமே தவறில்லை என்று நிரூபிக்காதவரை அது பாலினம் சொன்ன குற்றத்துக்குச் சமம். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. இவ்வளவு கடுமையான படிவத்தை எப்படி நிரப்புவது என்று மூன்று வருடத்தில் எனக்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.