விறகுல எரியற பாய்லர் ஸ்டவ் வாங்கலாமா, எத்தனை கிலோவாட் எடுக்கறது?

கேள்வில நீங்க சொன்னது: வேல்ஸ்ல கிராமத்துல பழைய கல்லு வீடு, கேஸ் லைன் கிடையாது, ஆயில் பாய்லரும் பத்து ரேடியேட்டரும் (வெந்நீர் ஓடி ரூமைச் சூடாக்கற தகடு) இப்ப ஓடிட்டிருக்கு, நீங்களும் உங்க கணவரும் ஷிப்ட் வேலை, சின்னக் குழந்தை இருக்கு, கடைல 20 கிலோவாட் ஸ்டவ்வைக் காட்டி முழு வீட்டுக்கும் இதே போதும் ஆயிலே வேணாம்னு சொல்லியிருக்காங்க. நானும் கேஸ் வராத வேல்ஸ் கிராமத்துல தான் இருக்கேன், எங்க வீட்டுல பாய்லர் ஸ்டவ் ஓடுது, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம், அப்படியிருந்தும் சொல்றேன், அந்த 20 கிலோவாட்டை எடுக்காதீங்க.

முதல்ல அந்த நம்பரைப் பிரிச்சுப் பாருங்க. நம்ம ஊர் செம்பு வெந்நீர் பாய்லர் மாதிரி தான் இதுவும், நெருப்பை ஒட்டியே தண்ணி நிக்கும், ஆனா இங்க அந்தத் தண்ணி குழாய் வழியா ரேடியேட்டருக்கும் குளிக்கற வெந்நீர் நிக்கற சிலிண்டருக்கும் போயிட்டுத் திரும்பி வரும். அதனால ஒவ்வொரு மாடலுக்கும் ரெண்டு நம்பர் இருக்கும், ரூமுக்கு இவ்ளோ, தண்ணிக்கு இவ்ளோ. கடைல ரெண்டையும் கூட்டித் தான் பெருசா சொல்வாங்க. ஹால் 5 மீட்டர் 4 மீட்டர், உயரம் 2.4 மீட்டர்னு வெச்சுக்கோங்க, 48 கன மீட்டர். இங்க ஸ்டவ்காரங்க போடற தோராயக் கணக்கு, சுமாரா இன்சுலேஷன் இருந்தா அந்தக் கன மீட்டரை 14ஆல வகுத்தா கிலோவாட் வரும், கல்லு வீடு மாதிரி மோசமா இருந்தா 10ஆல, அப்ப கூட 5 கிலோவாட்டுக்குள்ள முடிஞ்சுடுது. அந்த 20ல ரூமுக்கு மட்டும் 8 கிலோவாட் தள்ளும்னா, அதை அங்க வெச்சா ஜனவரில ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத் தான் உக்காரணும், இல்லன்னா நெருப்புக்குப் போற காத்தைக் குறைச்சு புகைய விடுவீங்க, அது இன்னும் கெடுதல்.

அடுத்தது விறகுக் கணக்கு, கடைல யாரும் இதைப் போட்டுக் காட்ட மாட்டாங்க. நல்லா காஞ்ச விறகு ஒரு கிலோவுல சுமார் 4 கிலோவாட் அவர் (கரண்ட் பில்ல வர்ற யூனிட் தான்) சூடு இருக்கு, ஸ்டவ் 75 சதவீதம் எஃபிஷியன்ட்னு வெச்சா கைக்கு வர்றது 3. அப்ப 20 கிலோவாட் வேணும்னா மணிக்கு ஆறரை கிலோவுக்கு மேல விறகு போட்டுட்டே இருக்கணும்! ஸ்பெக் ஷீட்ல இருக்கற கிலோவாட் எல்லாம் முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து விறகு போட்டு எடுத்த அளவு தான், ஒரு தடவை பத்த வெச்சுட்டு ட்யூட்டிக்குப் போனா அது வராது. வருஷத்துக்கு 15,000 கிலோவாட் அவர் சூடு தேவைப்படற வீட்டுக்கு முழுக்க விறகையே நம்பினா 5 டன் காஞ்ச விறகு, அடுக்கி வெச்சா பத்து கன மீட்டருக்கு மேல, ஓக் மாதிரி கட்டை காய ரெண்டு வருஷம் ஆகறதால ஒரு வருஷ விறகு எரியும்போதே அடுத்த வருஷத்துக்கு உள்ளது வெளில காஞ்சிட்டிருக்கணும். இதுக்கெல்லாம் ஷெட் இருக்கா, தூக்க ஆள் இருக்கா, வீட்டுல பகல்ல யாராவது இருக்காங்களா, இதைத் தான் முதல்ல யோசிக்கணும், மாடல் பேரு அப்புறம்.

ஈர விறகு மட்டும் வேணவே வேணாம். அப்ப தான் வெட்டின கட்டைல பாதி எடை தண்ணி, கிலோவுக்குக் கிடைக்கற சூடும் கிட்டத்தட்ட பாதியாயிடும். பக்கத்து இங்கிலாந்துல 2021 மே மாசத்துலேர்ந்து 2 கன மீட்டருக்குக் கம்மியா விக்கற விறகுல ஈரம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சட்டம், நீங்க வேல்ஸ்ல இருந்தாலும் அதே அளவை வெச்சுக்கோங்க. ஈரம் அளக்கற மாய்ஸ்சர் மீட்டர் விலை அதிகமில்ல, ஆனா வெளிப்பக்கம் குத்திப் பாக்காதீங்க, கட்டையைக் கோடாலியால பிளந்து உள்பக்கம் புதுசா தெரியற இடத்துல குத்திப் பாருங்க, வெளில 16 காட்டற கட்டை உள்ள 28 காட்டும்.

இப்ப பாதுகாப்பு. இதுல ஒரு இஞ்ச் கூட விட்டுக் கொடுக்காதீங்க. ஆயில் பாய்லர்னா கரண்ட் போனா அதுவே அணைஞ்சுடும், எரிஞ்சிட்டிருக்கற விறகை அப்படி நிறுத்த முடியாது, பம்ப் நின்னுடும் ஆனா தண்ணி சூடாகிட்டே போகும். அதுக்குத் தான் பம்ப் இல்லாமலே சூட்டுலயே மேல ஏறி ஓடற மாதிரி 28 மில்லிமீட்டர் விட்டம் உள்ள குழாய்ல ஒரு கிராவிட்டி லூப் போட்டு, வால்வே இல்லாத ஒரு ரேடியேட்டரை அதுல மாட்டுவாங்க. 2024 டிசம்பர்ல டாரா புயல் அடிச்சப்ப எங்க வீட்டுல ராத்திரில கரண்ட் போச்சு, ஸ்டவ் நல்லா எரிஞ்சிட்டிருந்தது, உடனே காத்தைக் குறைச்சுட்டு மாடிக்குப் போய்ப் பாத்தா வால்வ் இல்லாத அந்த பாத்ரூம் ரேடியேட்டர் கை வெக்க முடியாத சூடு, மத்த ரேடியேட்டர் எல்லாம் ஆறிட்டு வருது. அந்த ஒரு ரேடியேட்டர் தான் அன்னிக்கு முழு சூட்டையும் வாங்கிக்கிச்சு. யாராவது அழகுக்காக அதுல ஒரு வால்வ் போடறேன்னு சொன்னா விடவே விடாதீங்க.

உங்க ஆயில் சிஸ்டம் மாடில தொட்டி இருக்கற ஓபன் டைப்பா, பிரஷர் கேஜ் இருக்கற சீல்டு டைப்பான்னு பாருங்க. சீல்டா இருந்தா விறகு ஸ்டவ்வை அதுல நேரா சொருகக் கூடாது. நடுவுல தெர்மல் ஸ்டோர்னு ஒரு பெரிய தண்ணி டாங்க் வெச்சு ஸ்டவ், ஆயில் பாய்லர் ரெண்டும் அதுல வந்து சேர்ற மாதிரி பண்றது தான் நல்லது. 500 லிட்டர் டாங்க்கை 40லேர்ந்து 75 டிகிரிக்கு ஏத்தினா சுமார் 20 கிலோவாட் அவர் அதுல நிக்கும், சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம் நல்லா எரிச்சா மறுநாள் காலைல குளிக்க வெந்நீரும் கொஞ்ச நேரம் ரேடியேட்டரும் கிடைக்கும், ஷிப்ட் வேலைக்கு இது தான் ஒத்து வரும். அரை டன்னுக்கு மேல எடைங்கறதால தரை தாங்குமான்னும் பாக்கணும்.

இன்னொண்ணு, திரும்பி வர்ற தண்ணி சில்லுன்னு வந்தா நெருப்பை ஒட்டி இருக்கற இரும்பு குளுந்து போய் புகை அதுல தாராப் படியும், கண்ணாடி கருப்பாகும், அதே தார் சிம்னிலயும் ஏறும், சிம்னி தீப்பிடிக்கறதே அதுல தான். அதனால 60 டிகிரி வர்ற வரைக்கும் தண்ணியை உள்ளேயே சுத்த விடற லோடிங் வால்வ் கொட்டேஷன்ல இருக்கான்னு பாருங்க, லேடோமேட்னு ஒண்ணு இங்க நிறைய பேர் போடறாங்க. ராத்திரி முழுக்க காத்தை அடைச்சு மெதுவா புகைய விட்டு வெக்கற பழக்கமும் வேணாம்.

மத்ததெல்லாம் ஹெட்டாஸ்ல (இங்க விறகு ஸ்டவ் மாட்டறவங்களைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவு இருக்கற இன்ஸ்டாலர் பாத்துப்பார், ஆனா தண்ணி கனெக்ஷன் உள்ள ஸ்டவ்வுக்கு அவர் தகுதி வாங்கியிருக்காரான்னு தனியா கேளுங்க, வெறும் ஸ்டவ் மாட்டறவங்களும் அதே லிஸ்ட்ல இருப்பாங்க. பழைய வீட்டுக்கு 5 கிலோவாட்டுக்கு மேல ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தர காத்துத் துவாரம் வேணும், குளிருதுன்னு அதைத் துணி வெச்சு அடைக்காதீங்க, உயிர் போற விஷயம். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

உங்க நிலைமைல நானா இருந்தா ஆயிலை எடுக்காம வெச்சுட்டு, ரூமுக்கு 4, 5, தண்ணிக்கு 8, 9 வர்ற ஸ்டவ்வும் 500 லிட்டர் ஸ்டோரும் போடுவேன். அதுக்கும் நேரம் கிடைக்காதுன்னா தண்ணி இல்லாத சாதா 5 கிலோவாட் ஸ்டவ் ஹாலுக்குப் போதும், மிச்ச வீட்டுக்கு ஹீட் பம்ப் (வெளிக் காத்துல இருக்கற சூட்டைக் கரண்ட்ல உள்ள இழுக்கற மெஷின்) பாருங்க, அதுக்கு அரசாங்க கிரான்ட் கிடைக்குமான்னு விசாரிங்க. குழந்தைக்கு வீசிங் இருந்தா விறகே வேணாம்ங்க, எவ்ளோ நல்ல ஸ்டவ்வா இருந்தாலும் கதவைத் திறக்கும்போது கொஞ்சம் புகைத்தூள் வெளில வரத் தான் செய்யும்.

ஹால் அளவும், சிஸ்டம் ஓபனா சீல்டான்னும், பகல்ல வீட்டுல யார் இருப்பாங்கன்னும் கமெண்ட்ல போடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்.