பழைய லேத் ஆடுகிறது: கிப்பை இறுக்கினால் போதுமா?

கேள்வி: பட்டறைக்காகக் கோவையில் பழைய ஆறடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) ஆடுகிறது, பார்ட்டிங் டூல் (துண்டாக வெட்டும் டூல்) போட்டால் அதிர்கிறது. கிப்பை (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் பட்டையை) இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: கிப் மட்டும் தளர்ந்திருந்தால் அவர் சொல்வது சரி. பெட்டே (மெஷினின் நீள அடித்தளமே) தேய்ந்திருந்தால் கிப்பால் ஒன்றும் ஆகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

டயல் கேஜின் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) காந்த ஸ்டாண்டைச் சேடிலில் (கிராஸ் ஸ்லைடைத் தாங்கிப் பெட்டின் மேல் ஓடும் பகுதி) வைத்து, முனை கிராஸ் ஸ்லைடின் பக்கவாட்டில் படட்டும். டூல் போஸ்ட்டைச் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தலை) பக்கமும் டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) பக்கமும் அழுத்தித் தள்ளுங்கள். 0.02, 0.03 மி.மீ. அசைந்தால் கவலை இல்லை. ஹேண்டில் கொஞ்சம் வெறுமனே சுற்றுவது வேறு கோளாறு. அது ஸ்க்ரூவும் நட்டும் தேய்ந்ததால் வருவது, கிப்பை எவ்வளவு இறுக்கினாலும் போகாது.

அங்கேயே கிப்பைச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். ஸ்லைடைத் துடைத்து எண்ணெய் விட்டு, எல்லா லாக் நட்டையும் தளர்த்த வேண்டும். நடு ஸ்க்ரூவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் கிப்பைத் தொடும்வரை திருப்பி, கடுகளவு பின்வாங்கி, ஸ்க்ரூவை ஆலன் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காமல் இறுக்கினால் ஸ்க்ரூவும் கூடவே சுற்றிவிடும்; பாதிப் பட்டறைகளில் நடக்கும் தவறு இதுதான். பிறகு ஸ்லைடை முழுத் தூரமும் ஓட்டுங்கள். நடுவில் தளர்ந்து இரு ஓரங்களிலும் பிடித்தால் டவ்டெயில் (ஸ்லைடு ஓடும் சரிவான தடம்) தேய்ந்துவிட்டது, ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமன்செய்வது) இல்லாமல் தீராது. கூம்பு கிப் (ஒரு முனை மெலிந்த பட்டை) உள்ள மெஷினில் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ கடைசிவரை உள்ளே போயிருந்தால், இனி இறுக்க இடமில்லை என்று பொருள்.

பெட்டையும் பாருங்கள். சக் அருகில் கேரேஜ் (சேடிலும் அதோடு சேர்ந்து நகரும் பகுதியும்) லாக்கை லேசாக உரசும் அளவுக்கு இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போகச் சிக்கினால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. பெட் கிரைண்டிங் செலவை மெஷின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்லைடுக்குக் கிரீஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். கிரீஸ் பொடித் துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கும். 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் நல்லது. தினமும் வேலை தொடங்கும்முன் விடுங்கள். எமரி பேப்பர் போடும்போது பெட்டை மூடுங்கள். சேடிலின் ஃபெல்ட் (பெட்டைத் துடைக்கும் கம்பளித் துண்டு) கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.