தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு பட்டர்நட்: தண்ணீர் விடாமல், திகட்டாமல்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்ஸியில் இருக்கிறோம். இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்காவின் நன்றி சொல்லும் பண்டிகை) விருந்துக்குக் கணவரின் அலுவலக நண்பர் வீட்டில் அழைத்திருக்கிறார்கள். மொத்தம் 12 பேர். ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும், என் பங்குக்கு ஸ்குவாஷ், அதாவது பூசணி வகைக் காய், வந்திருக்கிறது. போன வருடம் பட்டர்நட் என்ற ஸ்குவாஷ் வாங்கி, துண்டு போட்டு, ப்ரௌன் சுகர் தூவி, ஃபாயில் மூடி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைத்தேன். டிரேயில் தண்ணீர் நின்றது. துண்டுகள் குழைந்து, தித்திப்பு திகட்டி, பிள்ளைகள்கூடத் தொடவில்லை. எந்தக் காயை வாங்குவது? எப்படிச் செய்வது? முக்கால் மணி நேர தூரம் எப்படிக் கொண்டுபோவது? அவர்கள் வீட்டு ஓவனில் வான்கோழி இருக்கும்.

பதில்: என்ன தவறு நடந்தது என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 350 டிகிரி, ஃபாயில் மூடி, ப்ரௌன் சுகர். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பட்டர்நட்டில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 86 கிராம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் காயின் மேல்பரப்பில் இருக்கும் வரை அங்கே சூடு 212 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது நீர் கொதிக்கும் நிலையைத் தாண்டாது. தாண்டாதவரை சிவக்காது. ஃபாயில் போட்டு மூடினால் ஆவி வெளியே போக வழியில்லாமல் திரும்பக் காயின் மேலேயே சொட்டுகிறது. நீங்கள் செய்தது ரோஸ்ட் அல்ல, ஆவியில் வேகவைத்தது. ஊரில் பரங்கிக்காய் பொரியல் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் மூடி வேகவிட்டு, அப்புறம் மூடியை எடுத்துத் தண்ணீர் சுண்டும் வரை வதக்குகிறோம். அந்தச் சுண்ட வைக்கும் வேலையைத்தான் இங்கே ஓவனின் கடும் சூடு செய்ய வேண்டும்.

பரங்கியைச் சும்மா இழுக்கவில்லை. பட்டர்நட்டும் நம் ஊர்ப் பரங்கியும் தாவரவியலில் ஒரே இனம், குக்குர்பிட்டா மாஸ்கேட்டா. பூசணிக் குடும்பத்தின் இந்தக் கிளையே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தது. மெக்ஸிகோவின் ஒவாஹாக்கா பகுதிக் குகை ஒன்றில் சுமார் பத்தாயிரம் ஆண்டுப் பழமையான ஸ்குவாஷ் விதைகள் கிடைத்திருக்கின்றன. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வளர்த்து 'மூன்று சகோதரிகள்' என்று அழைத்தார்கள். பீன்ஸ் சோளத்தண்டில் ஏறும், ஸ்குவாஷ் இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். ஸ்குவாஷ் என்ற சொல்லே நாராகன்செட் என்ற பூர்வகுடி மக்களின் மொழியிலிருந்து வந்ததுதான். நமக்கு இந்தக் காய் கடல் வழியாக ஐரோப்பியர் கைமாறி வந்தது. அதனால்தான் அதன் பெயரில் ஐரோப்பியரைக் குறிக்கும் 'பறங்கி' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அந்த மேசைக்கு அயல் பண்டம் எதையும் கொண்டுபோகவில்லை. தயங்காமல் நம் தாளிப்போடு எடுத்துப் போங்கள்.

சரி, எந்தக் காய்? கடையில் 'விண்டர் ஸ்குவாஷ்' என்று ஐந்தாறு வகை குவித்திருப்பார்கள். குளிர்காலத்தில் விளைவதால் வந்த பெயர் அல்ல அது. கோடையில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் முற்றி, கெட்டித் தோலோடு குளிர்காலம் வரை தாங்குவதால் வந்தது. 12 பேருக்கு என்றால் என் ஓட்டு பட்டர்நட்டுக்கே. தோல் வழவழப்பாக இருப்பதால் பீலரில் சீவ வரும், கழுத்துப் பகுதி விதையில்லாமல் முழுக்கச் சதை. பச்சைத் தோல் கபோச்சா இதைவிட ருசியானது என்பேன். அவித்த சர்க்கரைவள்ளியைப் போல மாவாக இருக்கும், தண்ணீரும் குறைவு. ஆனால் பாறை மாதிரி இருக்கும், இரண்டு மூன்று காயை வெட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். வீட்டில் நான்கு பேருக்குச் செய்யும்போது அதை வாங்குங்கள். ஏகார்ன் பார்க்க அழகு, சதை குறைவு, ருசியும் சுமார்தான். வெண்ணெயும் மேப்பிள் சிரப்பும் ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் அதனால்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். டெலிகாட்டாவைத் தோலோடு சாப்பிடலாம், இரண்டு மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் வெந்தால் நூல் நூலாகப் பிரியும், இந்த வேலைக்கு ஆகாது. ஹாலோவீன் முடிந்ததும் பெரிய ஆரஞ்சுப் பூசணியை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அந்த ஆசைக்கு மட்டும் போகாதீர்கள். முகம் செதுக்க வளர்த்தது அது. நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும்.

மூன்று பவுண்டு எடையில் இரண்டு பட்டர்நட் வாங்குங்கள். கழுத்து நீளமாக, குண்டுப் பகுதி சின்னதாக இருப்பது நல்லது. தோல் பளபளக்கக் கூடாது, மங்கலாக, சீரான சந்தன நிறத்தில் இருக்க வேண்டும். பச்சைக் கோடு தெரிந்தால் முற்றவில்லை. கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியக் கூடாது. காம்பு உலர்ந்து ஒட்டியிருக்க வேண்டும். பத்து நாள் முன்பே வாங்கினாலும் கவலையில்லை. ஃப்ரிட்ஜில் வைக்காமல் குளிர்ச்சியான, உலர்ந்த மூலையில் வைத்தால் பட்டர்நட் இரண்டு மாதம்கூடத் தாங்கும். நறுக்கி பாக்கெட்டில் விற்பதை நான் வாங்குவதில்லை. துண்டுகள் ஒரே அளவில் இருக்காது, ஈரமும் கசிந்திருக்கும். வேறு வழியில்லை என்றால் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நறுக்குவதை முதல் நாளே முடித்துவிடுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் நழுவாது. காயை நான்கைந்து இடத்தில் கத்தி முனையால் குத்தி, மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தால் தோல் இளகும். இரண்டு முனையையும் வெட்டி, கழுத்தையும் குண்டையும் தனித்தனியாகப் பிரித்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். தோலை இரண்டு தடவை சீவ வேண்டும். முதல் சீவலில் சந்தனத் தோல் போகும், அடியில் வெளிர் பச்சை நரம்புகள் தெரியும். அவையும் போய் முழு ஆரஞ்சு தெரியும் வரை சீவுங்கள், இல்லாவிட்டால் நார் வாயில் தட்டும். வெட்டிய இடத்தில் சின்னச் சின்ன முத்தாகப் பால் துளிர்க்கும். அது விரலில் பட்டுக் காய்ந்தால் பசை பூசியது போல் தோல் இறுகும், சிலருக்கு உரியவும் உரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பதும் அவசியம். அபூர்வமாகக் கசக்கும். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள், அந்தக் கசப்புப் பொருள் வயிற்றுக்கு ஆகாது, சமைத்தாலும் போகாது.

ஓர் அங்குலச் சதுரமாக நறுக்குங்கள். பெரிய பேக்கிங் டிரே இரண்டு வேண்டும். ஒன்றில் குவிக்காதீர்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால்தான் ஆவி போகும். ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, காலி டிரேக்களையும் உள்ளே வைத்துச் சூடாக்குங்கள். ஒரு டிரேக்கு மூன்று டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள். உப்பைப் போட்டு ஊறவிடாதீர்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும். எண்ணெயில் பிரட்டி, உப்பு தூவி, உடனே சூடான டிரேயில் பரப்ப வேண்டும். 'சொய்' என்று சத்தம் வந்தால் சரியான சூடு.

25 நிமிடம் தொடவே தொடாதீர்கள். அந்த நேரத்தில் ஓவன் கதவைத் திறந்தால் கண்ணாடியை மறைக்கும் அளவு ஆவி முகத்தில் அடிக்கும். அப்போது கிளறினால் துண்டுகள் உடையும். ஆவி அடங்கி, அடிப்பக்கம் செம்பழுப்பானதும் தட்டையான கரண்டியால் புரட்டி, மேல் டிரேயைக் கீழும் கீழ் டிரேயை மேலும் மாற்றி இன்னும் 10, 15 நிமிடம் விடுங்கள். ஓரங்கள் சுருங்கிக் கருஞ்சிவப்பாக, நடுவில் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். நாளை மறுபடி சூடாக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்து நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள்.

இப்போது சுவைக்கு வருவோம். நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். முற்றிய ஸ்குவாஷ் தானே இனிப்பு, ரோஸ்ட் செய்தால் இன்னும் கூடும். அந்த மேசையில் ஏற்கெனவே கிரான்பெர்ரி சாஸ் இருக்கும், சர்க்கரைவள்ளியின் மேல் மார்ஷ்மெலோ இருக்கலாம், பின்னால் பூசணி 'பை' என்ற இனிப்புப் பண்டம் வரும். இன்னொரு இனிப்பு யாருக்கும் தேவையில்லை. உப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்தால்தான் காயின் இனிப்பே எடுபடும். நம் பரங்கிக்காய் புளிக்குழம்பின் ருசியும் அங்கேதான் இருக்கிறது.

நெல்லிக்காய் அளவு புளியை அரை கப் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, சிட்டிகை உப்பும் கால் டீஸ்பூன் மிளகாய்த்தூளும் போட்டு, கரண்டியில் தேன்போல் ஒட்டும் வரை சுண்ட வையுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு நிற்கும். தாளிக்க மூன்று டேபிள்ஸ்பூன் நெய், ஒரு டீஸ்பூன் கடுகு, இரண்டு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, நான்கு காய்ந்த மிளகாய், இரண்டு கொத்து கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி தோல் நீக்கிய பூசணி விதை. விதையைக் கடைசியில் போட்டால் படபடவென்று உப்பும், அதற்கு மேல் ஒரு நொடிகூட வேண்டாம். மிளகாயை முழுதாகப் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். பழக்கமில்லாதவர் கடித்துவிடுவார். தாளிப்பில் பெருங்காயமும் சேர்க்கலாம், ஆனால் பெருங்காயத்தூளில் பல பிராண்டுகள் கோதுமை மாவு கலந்திருக்கும். குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வீகன் யாராவது இருந்தால் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சிறு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தால் எல்லாருக்கும் நிம்மதி.

கொண்டுபோவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நானும் ஒரு வருடம் ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி எடுத்துப் போனேன். அங்கே போய்த் திறந்தால் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, மொறுமொறுப்பான ஓரமெல்லாம் நனைந்த பஞ்சு. அன்றிலிருந்து சூடாக எடுத்துப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். முதல் நாள் இரவே ரோஸ்ட் செய்து, டிரேயிலேயே ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் டிரேயோடு குளிர்ச்சியாகவே எடுத்துப் போங்கள். புளிக்கரைசல் ஒரு குட்டிப் பாட்டிலில், தாளிப்புச் சாமான் ஒரு டப்பாவில்.

ஓவன் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. வான்கோழியை வெளியே எடுத்ததும் யாரும் உடனே அறுக்க மாட்டார்கள். சாறு உள்ளே நிற்பதற்காக அரை மணி நேரமாவது அப்படியே விடுவார்கள். அந்த அரை மணியில் ஓவன் காலி. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே போன் செய்து, "வான்கோழி வெளியே வந்ததும் 15 நிமிடம் ஓவன் கிடைக்குமா, அடுப்பில் ஒரு பர்னரும் வேண்டும்" என்று சொல்லி வையுங்கள். ஓவனை 425க்கு ஏற்றி, டிரேயை வைத்து 10 முதல் 15 நிமிடம். அதற்குள் தாளிப்பு முடிந்துவிடும். அகலமான தட்டில் பரப்பி, புளிக்கரைசலைக் கோடு கோடாக விட்டு, தாளிப்பை மேலே கொட்டுங்கள். கிளற வேண்டாம். கடுகு வெடிக்கும் வாசனைக்கே பாதிப் பேர் அடுக்களைக்கு வந்து நிற்பார்கள், பார்த்திருக்கிறேன்.

ஓவன் கிடைக்கவே கிடைக்காது என்று அவர்கள் சொல்லிவிட்டால் துண்டு ரோஸ்ட்டை மறந்துவிட்டு மசியல் செய்யுங்கள். காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதை எடுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி 400 டிகிரியில் ஒரு மணி நேரம். சதையை வழித்து, சல்லடையில் பத்து நிமிடம் வைத்தால் மிச்சத் தண்ணீர் வடியும். நெய், உப்பு, வறுத்துப் பொடித்த மிளகு சீரகம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து மசியுங்கள். நன்றாகச் சுட வைத்து ஸ்லோ குக்கரில் மாற்றிக்கொண்டு, அங்கே போய் 'வார்ம்' நிலையில் செருகிவிட்டால் விருந்து முடியும் வரை சூடு இருக்கும். தாளிப்பை மட்டும் கடைசியில் செய்யுங்கள்.

மிஞ்சினால் மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். துண்டுகளை மறுநாள் அடை மாவில் உதிர்த்துப் போட்டுப் பாருங்கள், அல்லது சாம்பார் இறக்கும்போது சேருங்கள். முன்பே வெந்தது என்பதால் ஒரு கொதி போதும்.