கண்ணாடி பாதியில் நிற்கிறது, அண்ணாச்சி!

கேள்வி: எங்கள் கார் 2008-இல் வாங்கியது. முன்பக்க இடது கதவுக் கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் நின்றுவிட்டது. அந்தக் கதவு ஸ்விட்சிலும் ஏறவில்லை, டிரைவர் பக்க ஸ்விட்சிலும் ஏறவில்லை. மோட்டார் சத்தமே இல்லை. மற்ற மூன்று கண்ணாடிகளும் நன்றாக ஓடுகின்றன. முன்பெல்லாம் கதவை ஓங்கிச் சாத்தினால் சில நாள் வேலை செய்யும். இப்போது அதுவும் இல்லை. மோட்டாரும் கண்ணாடியைத் தூக்கும் மெஷினும் முழு செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்பா அந்த இடத்தில்தான் உட்காருவார், ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மழை வேறு தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம், அண்ணாச்சி?
— வாசகி, திருச்செந்தூர்

பதில்: செட்டை வாங்கிவிடாதீர்கள், தங்கச்சி. நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் எனக்குப் போதும்: சத்தமே இல்லை, கதவைச் சாத்தினால் ஓடியது. மோட்டார் உறுமியும் கண்ணாடி நகராமல் இருந்தால் உள்ளே கேபிளோ பிளாஸ்டிக் கிளிப்போ போயிருக்கும். அப்போது செட் மாற்றுவது நியாயம். சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

டிரைவர் கதவில் ஜன்னல்களைப் பூட்டும் பட்டன் ஒன்று இருக்கும். அது அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற கண்ணாடிகள் டிரைவர் ஸ்விட்சில் மட்டும் ஓடி, அந்தந்தக் கதவு ஸ்விட்சில் ஓடாமல் இருந்தால் அது பூட்டிக் கிடக்கிறது. அடுத்தது ஃபியூஸ். பல கார்களில் நான்கு கண்ணாடிக்கும் ஒரே ஃபியூஸ்தான், சிலவற்றில் தனித்தனி. போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயர் கருகும்.

இனிமேல்தான் முக்கியமான சோதனை. இரண்டு ஆள் வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடியின் ஸ்விட்சை ஏற்றும் பக்கம் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் இடது கதவை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ஏதாவது ஒரு கோணத்தில் கண்ணாடி ஒரு துள்ளு துள்ளினால் வியாதி கையில் கிடைத்துவிட்டது. கதவுக்கும் அது மாட்டியிருக்கும் கார்த் தூணுக்கும் நடுவே, கீல் பக்கம், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள்தான் ஒயர்கள் கதவுக்குள் போகின்றன. பதினைந்து வருடத்துக்கு மேல் கதவைத் திறந்து மூடினால் ஒயர் எத்தனை ஆயிரம் தடவை மடங்கியிருக்கும்! வெளியே பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். நம் கடற்கரைக் காற்றுக்குச் செம்பு பச்சை பூத்தும் போகும்.

கதவை அசைத்தும் துள்ளவில்லையா? கதவை மூடி, ஸ்விட்சைப் பிடித்தபடியே டோர் பேடின் (கதவின் உள்பக்க மூடியின்) நடுப்பகுதியை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். அப்போது ஓடினால் பெரும்பாலும் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் டிரைவர் பக்க ஸ்விட்சைச் சந்தேகப்படலாம். பல கார்களில் இடது மோட்டாரின் எர்த் அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் திரும்பி வரும். அதில் காண்டாக்ட் கறுத்தால் அந்தக் கண்ணாடி இரண்டு ஸ்விட்சிலும் ஓடாது.

2011-இல் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் காருக்கு இதே குறைக்கு நான் புது மோட்டார் போட்டேன். மாட்டிய அன்று ஓடியது. ஒரே வாரத்தில் மழையில் நனைந்த சீட்டோடு திரும்பி வந்தார். ரப்பர் குழாயை உருவிப் பார்த்தேன், ஒயர் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வண்டியில் கழற்றிய பழைய மோட்டார் அப்புறம் வேறொரு காரில் வருடக்கணக்கில் ஓடியது. அன்றிலிருந்து அந்த ரப்பரை உருவாமல் நான் டோர் பேடில் கை வைப்பதில்லை. உங்கள் மெக்கானிக்கிடமும் அதை முதலில் உருவச் சொல்லுங்கள்.

ஒயர்தான் என்றால், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அறுந்த இடத்தில் அதே கனமுள்ள புது ஒயர்த் துண்டை வைத்து ஈயப்பற்று போட்டு, அதன்மேல் ஸ்லீவ் என்ற உறை மாட்ட வேண்டும். பற்று வைத்த இடம் மடங்கும் பகுதியில் வரவே கூடாது. கதவுக்குள் ஒன்று, தூணுக்குள் ஒன்று என்று தள்ளி வைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். அடுத்த மழைக்குள் விட்டுப்போகும்.

இன்றைக்கே கண்ணாடி ஏற வேண்டும் என்கிறீர்களா? கையால் பிடித்து இழுக்க வேண்டாம். மோட்டாரில் உள்ள திருகுப் பல் கண்ணாடியைப் பூட்டித்தான் வைத்திருக்கும், இழுத்தால் கிளிப் உடையும். டோர் பேடைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு முனை பிளக்கை எடுத்து, 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரில் 12 வோல்ட் கொடுத்தால் போதும். ஸ்கூட்டர் பேட்டரியே செய்துவிடும். ஏறாமல் இறங்கினால் ஒயரை மாற்றிப் பிடியுங்கள். விரல் கண்ணாடி வழியில் இருக்கக் கூடாது, மேலே தொட்டதும் எடுத்துவிடுங்கள். இதற்கும் மோட்டார் அசையவில்லை என்றால் மட்டும் மோட்டாரை மாற்றுங்கள்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கதவுக்குள் வடியும் மழைத்தண்ணீரைக் காருக்குள் விடாமல் தடுப்பது அதுதான். திரும்ப ஒட்டியாக வேண்டும். கதவின் அடி ஓட்டைகளையும் ஓர் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். அவை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று எல்லாவற்றையும் துருவேற்றும்.

கேள்வி: என் காரில் கண்ணாடி வேகமாக இறங்குகிறது, ஏறும்போது திணறி நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறுகிறது. மோட்டார் போய்விட்டதா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: பெரும்பாலும் இல்லை, தம்பி. கண்ணாடி ஓடும் பீடிங் ரப்பரில் புழுதி அடைத்திருக்கும். மோட்டார் திணறிச் சூடானால், எரிந்துபோகாமல் இருக்க உள்ளே ஒரு கட்-அவுட் நிறுத்திவிடும், ஆறினதும் ஓடும். ஈரத்துணியைக் கத்தி முனையில் அல்ல, ஐஸ்குச்சியில் சுற்றிப் பள்ளத்தைத் துடையுங்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ வேண்டாம், புழுதி இன்னும் ஒட்டும், ரப்பரும் ஊறும். இன்ஜின் ஓடும்போதே கண்ணாடியை ஏற்றுங்கள். அப்போது மோட்டாருக்கு ஏறக்குறைய 14 வோல்ட் கிடைக்கும்.