என் நம்பர் ஸ்பேம் என்று காட்டுகிறதே, என்ன செய்வது? (கேள்வி பதில்)

வாடிக்கையாளர்களுக்கு அழைக்கும் லைன், நம்பர், அதன் பதிவு வேலைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இது பற்றி நிறைய பேர் கேட்டதால் இங்கேயே பதில் சொல்கிறேன். கேட்பதற்கு முன் ஒரு வேலை: "ஸ்பேம்னு வருது" என்று சொன்ன நண்பரிடம் ஸ்கிரீன்ஷாட் வாங்கி வையுங்கள். அந்த முத்திரையைக் குத்துவது ஓர் ஆள் இல்லை, நாலைந்து பேர் தனித்தனியாகக் குத்துகிறார்கள், யார் குத்தியது என்று தெரியாமல் ஓடினால் அலைச்சல்தான் மிச்சம்.

சேலத்தில் கேட்டரிங் செய்கிறேன் அண்ணா. முகூர்த்த மாதங்களில் விசாரித்தவர்களுக்கெல்லாம் நானே திரும்பக் கூப்பிடுவேன். இப்போது ட்ரூகாலரில் சிவப்பாக வருகிறதாம், பாதிப்பேர் எடுப்பதே இல்லை. யாரிடம் புகார் கொடுப்பது?

போலீஸும் வேண்டாம், தொலைபேசி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ட்ராயும் வேண்டாம். ட்ரூகாலர் 2009-இல் ஸ்வீடனில் தொடங்கிய தனியார் நிறுவனம், அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஸ்பேம் என்று அழுத்த அழுத்த நம்பர் சிவப்பாகிவிடும். உங்கள் நம்பரிலேயே ஆப்பைப் போட்டு, கடைப் பெயரோடு சுயவிவரத்தை முழுசாக நிரப்புங்கள். பிறகு ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியில், தொழில் என்ன, எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். உங்களிடம் சாப்பாடு வாங்கின வாடிக்கையாளர்களை ஸ்பேம் இல்லை என்று குறிக்கச் சொல்லலாம், நம்பரைப் பெயர் போட்டு சேவ் செய்துகொள்ளவும் சொல்லுங்கள். அப்புறம், கூப்பிடுவதற்கு முன் "விசாரித்திருந்தீர்களே, அந்த கேட்டரிங்காரர் பேசுகிறேன்" என்று ஒரு வாட்ஸப் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் முத்திரையை மட்டும் எடுத்தால் அடுத்த சீசனில் திரும்ப வரும்.

பேசாமல் ட்ரூகாலரில் இருந்து நம்பரையே நீக்கிவிட்டால்?

நீக்கலாம். முதலில் கணக்கை முடக்கிவிட்டு, அவர்கள் தளத்தில் இருக்கும் அன்லிஸ்ட் பக்கத்தில் நம்பரைக் கொடுக்க வேண்டும். ஆனால் தொழில் செய்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். பெயரும் சேர்ந்து போய்விடும், வெறும் நம்பராகக் கூப்பிட்டால் இன்றைக்கு யார் எடுக்கிறார்கள்?

கூரியர் டெலிவரி வேலை. ட்ரூகாலரில் பிரச்சினை இல்லை. ஏர்டெல் சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சந்தேக ஸ்பேம் என்று காட்டுகிறது. எப்படி சார்?

ஏர்டெல் 2024 செப்டம்பரில் இருந்து நெட்வொர்க்கிலேயே இதைச் செய்கிறது, அதற்கு எந்த ஆப்பும் தேவையில்லை. யாரும் புகார் கொடுத்திருக்கவே வேண்டாம், எத்தனை பேருக்குக் கூப்பிடுகிறீர்கள், எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்ற போக்கைப் பார்த்தே மெஷின் முடிவு செய்துவிடும். டெலிவரிக்காரர் நாள் முழுக்கத் தெரியாதவர்களுக்குக் கூப்பிட்டு "கேட்ல நிக்கிறேன்" என்று பத்து வினாடி பேசுவார், தொல்லை கொடுக்கிறவர் செய்வதும் வெளியே இருந்து பார்க்க அப்படியேதான் இருக்கும். உங்கள் சிம் நிறுவனத்திலும் ஏர்டெலிலும் எழுத்தில் சொல்லி, புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். அசையவில்லை என்றால் உங்கள் சிம் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள், எல்லாத் தொலைபேசி நிறுவனமும் அப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும். உண்மையில் இது உங்கள் கம்பெனி பார்க்க வேண்டிய வேலை, சொந்த சிம்மில் வேலை வாங்கிவிட்டு உங்களை அலையவிடுவது நியாயமே இல்லை.

சாம்சங் போனில் மட்டும் வந்தால்?

அங்கே பின்னால் இருப்பது ஹியா என்ற வேறு நிறுவனம், அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். கூகுள் போன் ஆப் என்றால், உங்கள் அழைப்பு வந்தவர் கால் பட்டியலில் அதைத் தொட்டு ஸ்பேம் இல்லை என்று கொடுக்கலாம். கடை இருந்தால் கூகுள் மேப்பில் அதே நம்பரோடு பதிவு செய்யுங்கள், கடைப் பெயர் தெரிய வாய்ப்பு உண்டு.

புது சிம் வாங்கினேன். முதல் நாளே லோன் ஏஜென்ட் என்று காட்டுகிறது!

பழைய ஆள் விட்டுப்போன நம்பர். இந்தியாவில் துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம், ஆப்களில் இருக்கும் பழைய பெயர் அதற்குள் மாறிவிடாது. புதுசு என்பதால் போராடாதீர்கள், கடைக்குப் போய் வேறு நம்பர் கேளுங்கள். ஆதார், வங்கி எல்லாம் இணைத்த பிறகு கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டு மனை விற்கிறேன். முத்திரை மட்டுமில்லை, அவுட்கோயிங்கே நின்றுவிட்டது. நான் மோசடி ஒன்றும் செய்யவில்லையே!

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் விஷயத்தில் தவறாகக் குத்தினார்கள் என்று சொல்ல முடியாது. மோசடியா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. சாதாரணப் பத்து இலக்க நம்பரில் இருந்து, கேட்காதவர்களுக்கு விளம்பரமாகக் கூப்பிட்டாலே அது பதிவு செய்யாத டெலிமார்க்கெட்டிங். 2025 பிப்ரவரியில் ட்ராய் விதியை இறுக்கியது. முன்பு 7 நாளில் 10 புகார் வந்தால் நடவடிக்கை, இப்போது 10 நாளில் 5 புகார் போதும். முதல் தடவை என்றால் 15 நாள் அவுட்கோயிங் நிற்கும். மறுபடி மாட்டினால் உங்கள் பெயரில் உள்ள எல்லா இணைப்பும், எந்த நிறுவனத்தில் இருந்தாலும், ஒரு வருடத்துக்குப் போய்விடும். விளம்பர அழைப்புக்கு என்று 140-இல் தொடங்கும் வரிசை இருக்கிறது, முறையாகப் பதிவு செய்து அதில் போங்கள். எங்கேயோ காசு கொடுத்து வாங்கின நம்பர் பட்டியலை முதலில் அழியுங்கள். விசாரித்தவரையே திரும்பக் கூப்பிட்டதற்குப் புகார் வந்திருந்தால், அவர் அனுப்பின மெசேஜ், மிஸ்டு கால் பதிவு ஆகியவற்றைக் காட்டி வாதாடலாம்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. யார் யாரோ திரும்ப அழைத்து "ஏன் கூப்பிட்டே" என்று திட்டுகிறார்கள்.

உங்கள் நம்பரைப் போலியாகக் காட்டி யாரோ கூப்பிடுகிறார்கள். கூடவே உங்கள் பெயரில் வேறு சிம் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள், தெரியாதது இருந்தால் அங்கேயே என்னுடையது இல்லை என்று கொடுக்கலாம். போலி அழைப்பைப் பற்றி சிம் நிறுவனத்தில் எழுதிக் கொடுத்து, உங்கள் கால் விவரத்தையும் எடுத்து வையுங்கள். நீங்கள் கூப்பிடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று கிடையாது.

ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் எல்லா ஆப்பிலும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். ஓடிபி மட்டும் சொன்னால் போதுமாம்.

அந்த ஓடிபி உங்கள் வாட்ஸப்பைத் தூக்கத்தான். பிளாக் செய்துவிட்டு சாப்பிடப் போங்கள்.

கூரியர்க்காரன்தான் மறுபடி. இரண்டாவது சிம் வாங்கி மாற்றி மாற்றிப் பேசினால்?

அதே போக்கில் கூப்பிட்டால் அதுவும் சிவக்கும். முதலில் மெசேஜ், பிறகு கால், எடுக்காவிட்டால் உடனே மூன்று தடவை அடிக்காமல் கொஞ்சம் விட்டுக் கூப்பிடுங்கள். ஓடிபி வாங்கும் பார்சல் தவிர மற்றதற்கெல்லாம் வாசலில் மணி அடித்தாலே போதுமே?