சம்பந்திக்கு ஒரு குட்டி, ஊராருக்கு ஒரு குட்டியா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது ராஜபாளையம் பெட்டை நாய் இருக்கிறது. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. குட்டியிலிருந்தே இடது காது கேட்காது. மற்றபடி தோப்புக் காவலில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. திருவாரூரில் நண்பர் ஒருவரிடம் நல்ல ஆண் நாய் இருக்கிறது. அடுத்த பருவத்தில் சேர்க்கலாம் என்று எண்ணம். ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்புக்கு நல்லது என்கிறாள் மனைவி. மூன்று பேர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். மகளின் மாமியார் வீட்டிலும் ஒன்று கேட்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் நன்றாகக் காது கேட்கிற குட்டியாகப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். ஒரு காது சின்னக் குறைதானே, சேர்க்கலாமா?
நீடாமங்கலம் வாசகர்

பதில்: சேர்க்காதீர்கள்.

"அவர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். செவிட்டுக் குட்டி பிறக்கும் என்று தெரியாதவர் கேட்கிற குட்டியாகப் பார்த்துக் கொடுப்பேன் என்று எழுத மாட்டார். உங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது என்று நீங்கள் நினைக்கிற குட்டி, அட்வான்ஸ் கொடுத்த அந்த மூன்று பேரில் ஒருவர் வீட்டுக்குத்தான் போகப்போகிறது. காது கேட்காத நாய் தூங்கும்போது யாராவது தொட்டால், பதறி எழுந்து கடித்துவிடலாம். சம்பந்தி வீட்டுப் பேரன் கை தப்பிக்க வேண்டும், முன்பின் தெரியாதவர் பிள்ளையின் கை கடிபடலாமா? பெண் கொடுத்த இடத்தில் முகம் பார்க்க வேண்டும் என்பதால் அங்கே நியாயமாக நடக்கிறோம். நம்மைக் கேள்வி கேட்க முடியாத மனிதரிடமும் நியாயமாக நடந்துகொள்வதுதான் ஐயா கடமை. உங்கள் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வளர்வார்கள்.

அதோடு, நீங்கள் நினைப்பதுபோல் பார்த்துப் பொறுக்கவும் முடியாது. குட்டிக்குக் காது திறக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். உட்காதில், தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லாமல் போனால், பிறந்த மூன்று நான்கு வாரத்தில் அந்தக் காதின் கேட்கும் செல்கள் மடிந்துவிடும். வெள்ளைத் தோலுக்கும் செவிட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான். இரண்டு காதும் போன குட்டியைக்கூடக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சிரமம். மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். தனியே பிரித்து, அது பார்க்காத பக்கம் நின்று, காற்றோ நிழலோ தரை அதிர்வோ படாமல் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு காது மட்டும் போன குட்டியோ இதற்கெல்லாம் திரும்பிப் பார்க்கும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும்தான் அதற்குப் பிடிபடாது. கைதட்டிப் பார்த்துவிட்டு, நல்ல குட்டி என்று சம்பந்தியிடம் கொடுப்பீர்கள். அதன் வயிற்றில் அடுத்த தலைமுறைச் செவிடு வரும்.

சரியாகச் சொல்ல ஒரே சோதனைதான் இருக்கிறது. தலைத்தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக டிக் டிக் என்று ஒலி கொடுத்து, நரம்பில் எழும் மின்துடிப்பைக் கணினியில் பார்ப்பார்கள். கேட்காத காதுக்குக் கோடு மட்டமாக ஓடும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆன பிறகு செய்ய வேண்டும். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எங்கே செய்துகொள்ளலாம் என்று அங்கே விசாரியுங்கள். போகும்போது உங்கள் பெட்டையின் காதுக்குள்ளும் விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கு அடைப்போ, உண்ணியோ, பழைய சீழோ, யாரோ ஊற்றிய ஜென்டாமைசின் சொட்டு மருந்தோ காரணமாக இருந்தால் அது வம்சத்துக்குப் போகாது. என் பதிலை மாற்றக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் குட்டியிலிருந்தே என்று நீங்களே எழுதியிருப்பதால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

சின்னக் குறை என்கிறீர்கள். தோப்பைக் காக்கிற நாய்க்கு அது சின்னக் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் சோற்று நெல்லைப் பார்க்கிற கண்ணால் விதைநெல்லைப் பார்க்கிறவர் டெல்டாவில் உண்டா? ஒரு காது கேட்கிறது என்பதால் வம்சத்துக்குப் பாதிக் குறைதான் போகும் என்பதில்லை. புள்ளி போட்ட வெள்ளை இனமான டால்மேஷன் நாய்களைச் சோதித்துப் பார்த்ததில், தாய் தகப்பனில் ஒன்றுக்கு ஒரு காது கேட்காவிட்டாலும் குட்டிகளில் செவிடு கூடுவது தெரிந்தது. இரண்டு காதும் கேட்கிற ஜோடிக்கும் சில சமயம் செவிட்டுக் குட்டி பிறக்கிறது. அதனால் நல்ல ஆணோடு சேர்த்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு செல்லாது. அந்தத் திருவாரூர் நாயின் காதை யார் சோதித்தார்கள்? 2005-ல் தபால்தலையில் ஏறிய இனம் இது. வெள்ளையையும் ரோஸ் மூக்கையும் மட்டும் பார்த்துச் சேர்ப்பவர்களால்தான் இந்தக் குறை அதைவிட்டுப் போகாமல் இருக்கிறது.

கணக்குப் பாருங்கள். புரட்டாசிக் கடைசியில் சேர்த்தால், 63 நாள் சினை, மார்கழியில் குட்டி. மாசியில் கைமாறும். சம்பா அறுவடை நேரம். வயலிலும் ரோட்டிலும் இயந்திரமும் டிராக்டரும் ஓடும்போது, பின்னால் வருவது கேட்காத குட்டி எத்தனை நாள் பிழைக்கும்?

உங்கள் மனைவி சொல்வதும் தவறு. பெட்டை உடம்பு நன்றாக இருக்கக் குட்டி போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. கருப்பை சீழ்பிடிக்கும் நோய், குட்டி போட்டதையும் விடாது, போடாததையும் விடாது. பருவம் முடிந்த சில வாரங்களில் தண்ணீரை மாளாமல் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கி, நாற்றத்தோடு கசிவு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். அதைத் தடுப்பது கருத்தடை ஆபரேஷன்தான். ரத்தக்கசிவு நின்று இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். முதல்நாள் இரவுக்குப் பின் சோறு வேண்டாம். தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். 10 முதல் 14 நாள் வாய்க்காலில் இறங்க விடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே பருவம் வந்துவிட்டால் மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். தெருநாய்க்கு உங்கள் மதில் ஒரு உயரமே இல்லை.

அட்வான்ஸை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் நாய்தான் வேண்டும் என்றால், தாய் தகப்பன் இரண்டையும் நேரில் காட்டி, காதுச் சோதனைக்கும் சம்மதிக்கிறவரிடம் வாங்கிக் கொடுங்கள்.